ஒரே திராட்சை, இரண்டு ஊர்: பழைய உலக ஒயினையும் புதிய உலக ஒயினையும் ஒப்பிட ஒரு வழிகாட்டி

ஒயின் பழகத் தொடங்குபவர்கள் காதில் முதல் வாரமே விழும் சொற்கள் ‘பழைய உலகம்’, ‘புதிய உலகம்’. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, போர்ச்சுகல், ஆஸ்திரியா போன்றவை பழைய உலகம். அமெரிக்கா, சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா புதிய உலகம். பழையதென்றால் புளிப்பு, அடக்கம், மண்வாசனை. புதியதென்றால் பழச்சுவை, கனம், ஓக் மர வாசம் என்று ஒரு வாய்ப்பாடும் கூடவே வரும். வாய்ப்பாடு முழுப் பொய்யில்லை. ஆனால் கைக்குக் கிடைத்த இரண்டு பாட்டில்களை வாங்கி அதைச் சோதித்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. திராட்சை வேறு, விலை வேறு, வயது வேறு, ஊற்றும்போது இருந்த குளிர்ச்சியும் வேறு. எது எதனால் வந்தது என்று பிரிக்க வழியில்லாமல் காசுதான் கரையும்.

ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முடிந்தவரை சமமாக வைத்து இரண்டு கோப்பைகளை எதிரெதிரே வைக்க வேண்டும். அதற்கான முறைதான் கீழே இருப்பது. எட்டுப் பேர், மூன்று ஜோடி, ஆறு பாட்டில், ஒரு மாலை என்ற கணக்கில் எழுதியிருக்கிறது.

1. முதலில் ஜோடி, பிறகு கடை

பழைய உலக லேபிளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். உள்ளே என்ன திராட்சை என்பது அந்த ஊர் விதியை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். புதிய உலக லேபிளில் ரகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஆகவே ரகத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குரிய பழைய ஊரைத் தேடுவது சுலபம். கடைக்குப் போகுமுன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

சோவிஞோன் பிளாங்: பிரான்சின் சான்சேர், நியூசிலாந்தின் மார்ல்பரோ.
சார்டொனே: பிரான்சின் ஷாப்லி, கலிபோர்னியாவின் சொனோமா.
சிரா: வட ரோன் பள்ளத்தாக்கின் குரோஸ்-எர்மிதாஜ், ஆஸ்திரேலியாவின் பரோஸா. அங்கே இதே ரகத்துக்கு ஷிராஸ் என்று பெயர்.
மால்பெக்: பிரான்சின் கயோர், அர்ஜென்டினாவின் மெண்டோசா.
ரீஸ்லிங்: ஜெர்மனியின் மோசல், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு.
செனின் பிளாங்: பிரான்சின் வூவ்ரே, தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ். இந்தியாவில் இருப்பவர்கள் நாசிக் செனினை வைத்துக்கொள்ளலாம்.
பினோ நுவார்: பிரான்சின் பர்கண்டி, அமெரிக்காவின் ஓரிகன்.

முதல் மாலைக்கு மேலே உள்ள முதல் மூன்றும் போதும். வேறுபாடு பளிச்சென்று தெரியும் ஜோடிகள் அவை. பினோ நுவாரை மூன்றாவது, நான்காவது மாலைக்குத் தள்ளிவையுங்கள். நுணுக்கம் அதிகம், நல்ல பாட்டிலுக்கு விலையும் அதிகம்.

புதிதாக வருபவர்கள் நேராகப் பாய்வது பிரான்சின் போர்டோ, கலிபோர்னியாவின் நாப்பா ஜோடிக்குத்தான். அது வேண்டாம். போர்டோவில் பெரும்பாலும் காபர்னே சோவிஞோன், மெர்லோ, காபர்னே பிராங் ஆகியவற்றைக் கலந்துதான் ஒயின் செய்கிறார்கள். ஆற்றின் இடக்கரையில் காபர்னே சோவிஞோன் ஓங்கியிருக்கும், வலக்கரையில் மெர்லோ. லேபிளில் காபர்னே என்று போட்ட நாப்பா பாட்டிலை, மெர்லோ மிகுந்த வலக்கரைப் பாட்டிலோடு வைத்துவிட்டு ‘பழைய உலகம் மென்மையானது’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவர்கள் ஒப்பிட்டது இரண்டு திராட்சைகளை.

வயது விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வட கோளத்தில் அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். தென் கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஆகவே லேபிளில் ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் மார்ல்பரோ ஒயின் சான்சேரைவிட அரை வருடம் மூத்தது. வெள்ளை ஒயினில் இந்த அரை வருடம் வாசனையில் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டுக்கு மேல் இடைவெளி விழாமல் பாருங்கள்.

2. லேபிளை ஆவணம் போலப் படியுங்கள்

இந்த வேலையில் ஆவணம் என்றால் லேபிள்தான். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். கையில் எடுத்த பாட்டிலில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஊரின் அளவு. ‘பரோஸா பள்ளத்தாக்கு’ என்றால் அது ஓர் இடம். ‘தென்கிழக்கு ஆஸ்திரேலியா’ என்றால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், பக்கத்து மாநிலங்களின் பகுதிகளும் அடங்கிய பெரும் பரப்பு. எங்கிருந்து வேண்டுமானாலும் திராட்சை வந்திருக்கலாம். ‘கலிபோர்னியா’ என்று மட்டும் இருப்பதும், ‘வின் து பிரான்ஸ்’ என்று மட்டும் இருப்பதும் இதே கதைதான். இப்படிப்பட்ட பாட்டில்கள் குடிக்க நன்றாகவே இருக்கும். ஊரை ஊரோடு ஒப்பிட மட்டும் உதவாது.

இரண்டாவது, ரக விகிதம். லேபிளில் ஒரே ரகத்தின் பெயர் இருந்தால் உள்ளே முழுக்க அதுதான் என்று நினைக்கிறோம். அமெரிக்க மத்திய விதிப்படி 75% இருந்தால் போதும். ஓரிகன் மாநிலம் பெரும்பாலான ரகங்களுக்கு 90% கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 85%. கயோரில் மால்பெக் குறைந்தது 70%, இத்தாலியின் கியாந்தி கிளாசிகோவில் சாஞ்சோவேசே என்ற ரகம் குறைந்தது 80%. மிச்சம் என்ன ரகம் என்பது பல சமயம் பின் லேபிளில் இருக்கும். இருபது, முப்பது சதவீத மெர்லோ சுவையை நன்றாகவே மாற்றிவிடும்.

மூன்றாவது, ஆல்கஹால் அளவு. லேபிளில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். மிகப் பயனுள்ள எண்ணும் அதுதான். சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1% ஆல்கஹால் கிடைக்கும். 12.5% ஒயினின் திராட்சையில் லிட்டருக்கு 212 கிராம் அளவில் சர்க்கரை இருந்திருக்கிறது, 14.5% ஒயினில் 246 கிராம் அளவில். இரண்டாவது ஊரின் வெயில் இந்த எண்ணிலேயே தெரிகிறது. எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். ஐரோப்பாவில் பொதுவாக அரை சதவீதம் முன்பின் இருக்கலாம். அமெரிக்காவில் 14% வரையுள்ள ஒயினுக்கு ஒன்றரை சதவீதம் வரை விலக அனுமதி உண்டு, ஆஸ்திரேலியாவிலும் ஒன்றரை.

இதே எண் இனிப்பையும் காட்டிக்கொடுக்கும். மோசல் ரீஸ்லிங் ஒன்றில் ‘கபினெட்’ (ஜெர்மன் தர வகைகளில் இலேசானது) என்றும் 8% என்றும் போட்டிருந்தால், சர்க்கரை முழுதும் புளிக்கவில்லை, மிச்சம் இனிப்பாக நிற்கிறது என்று பொருள். கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பில்லாதது. இரண்டையும் ஜோடி சேர்த்தால் ஊருக்குப் பதில் சர்க்கரையைத்தான் ஒப்பிடுவீர்கள். ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லைத் தேடுங்கள்; இனிப்பில்லாதது என்று அர்த்தம். வூவ்ரேயில் ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது, ‘டெமி-செக்’ என்றால் இனிப்பு கொஞ்சம் உண்டு. ஒன்றுமே போடவில்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள்.

நான்காவது, முத்திரை. இத்தாலியின் உச்சத் தரச் சான்றான டிஓசிஜி பெற்ற பாட்டில்களில் கழுத்துப் பக்கம் வரிசை எண்ணோடு ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஸ்பெயினின் ரியோஹா பாட்டிலின் பின்புறம் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அமைப்பின் சிறு முத்திரை இருக்கும். ‘கிரியான்ஸா’ என்றால் மொத்தம் இரண்டு ஆண்டு முதிர்வு, அதில் ஓர் ஆண்டாவது ஓக் பீப்பாயில். ‘ரெசெர்வா’ மூன்று ஆண்டு, ‘கிரான் ரெசெர்வா’ ஐந்து ஆண்டு. இத்தாலியின் பரோலோ 38 மாதம் முதிராமல் கடைக்கு வராது. அதில் 18 மாதம் மரத்தில். பழைய உலகில் இந்தச் சொற்களுக்குச் சட்டம் உண்டு. அமெரிக்க லேபிளில் ‘ரிசர்வ்’ என்று தங்க எழுத்தில் இருந்தால் மத்தியச் சட்டத்தில் அதற்கு ஒரு வரையறையும் கிடையாது. தயாரிப்பாளர் நினைத்தால் எதற்கும் போடலாம். ‘பழங்கொடி’ (ஓல்ட் வைன்) என்ற சொல்லும் பல நாடுகளில் அப்படித்தான்.

ஐந்தாவது, பொருட்பட்டியல். 2023 டிசம்பர் 8 முதல் செய்யப்பட்ட ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்மானங்களைச் சொல்வது கட்டாயம். பலர் க்யூஆர் குறியீடாகப் போடுகிறார்கள். கைபேசியில் திறந்து பாருங்கள். புளிப்புக்காக டார்டாரிக் அமிலம் சேர்த்திருந்தால் அங்கே தெரியும்.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பழைய உலகம் இயற்கையானது, புதிய உலகம் தொழிற்சாலைச் சரக்கு என்பது. குளிரான ஐரோப்பிய ஊர்களில், பர்கண்டி, போர்டோ உட்பட, ஆல்கஹாலை உயர்த்தச் சாற்றில் சர்க்கரை சேர்க்கச் சட்டம் வரம்போடு அனுமதிக்கிறது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கு அனுமதி இல்லை. அங்கே வெயிலில் பழம் இனித்துவிடும், புளிப்பு இறங்கிவிடும். ஆகவே அமிலம் சேர்க்கிறார்கள். அவரவர் வானிலை எதைக் கொடுக்கவில்லையோ அதை அவரவர் மூட்டையிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

பெயர்ப் பொறிகள் சில. ‘புயி-ஃபூமே’ சோவிஞோன் பிளாங், ‘புயி-ஃபுயிஸே’ சார்டொனே, இரண்டும் வேறு வேறு ஊர். ‘மோன்தெபுல்சியானோ த’அப்ருட்ஸோ’ என்பதில் வருவது திராட்சையின் பெயர். ‘வினோ நோபிலே தி மோன்தெபுல்சியானோ’ என்பதில் வருவது ஊரின் பெயர், உள்ளே இருப்பது சாஞ்சோவேசே. பர்கண்டியில் ‘கிரான் க்ரூ’ என்பது உச்சத் தரமுள்ள நிலம். போர்டோவின் ‘சேன்-தெமிலியோன் கிரான் க்ரூ’ என்பதோ ஏராளமான பண்ணைகள் பயன்படுத்தும் ஒரு வட்டாரப் பெயர், விலையும் அப்படியே. சான்சேர் சிவப்பாகவும் கிடைக்கும்; அது பினோ நுவார். அமெரிக்காவில் ‘கலிபோர்னியா ஷாப்லி’ என்று பெரிய குடுவையில் விற்கும் மலிவு ஒயினுக்கும் ஷாப்லி ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிரெஞ்சுப் பெயர்களில் கடைசி எழுத்து பல இடங்களில் ஒலிக்காது. உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம், தாளைக் காட்டி வாங்குங்கள்.

3. செலவுக் கணக்கு

ஐரோப்பியக் கடை விலையில் ஒரு பாட்டிலுக்கு 15 முதல் 25 யூரோ என்று வரம்பு வையுங்கள். ஆறு பாட்டிலுக்கு 90 முதல் 150 யூரோ. எட்டுப் பேர் பகிர்ந்தால் தலைக்கு 11 முதல் 19 யூரோ. இதற்குக் கீழே போனால் ஊரின் குணம் மங்கும். மேலே போனால் புதியவருக்கு அந்தக் கூடுதல் பணம் நாக்கில் தெரியாது.

ஜோடிக்குள் விலை கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். மார்ல்பரோ சோவிஞோனில் மலிவு பாட்டில்கள் குவிந்து கிடக்கும்; சான்சேருக்குக் குறைந்த விலையே அதைவிட மேலே. ஒன்று 9 யூரோ, மற்றது 24 யூரோ என்று வாங்கிவந்து பிரான்சு ஜெயித்தது என்று சொல்வதில் அர்த்தமில்லை. மார்ல்பரோவில் ஒரு படி ஏறி வாங்குங்கள்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. இறக்குமதி ஒயினுக்குச் சுங்கம் நெடுங்காலமாக மொத்தம் 150%. துறைமுகத்தில் 800 ரூபாய்க்கு இறங்கும் பாட்டில் சுங்கம் சேர்ந்ததும் 2,000. அதன்மேல் மாநில வரி, இறக்குமதியாளர், கடைக்காரர் லாபம். 2022 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய ஒப்பந்தப்படி, 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 100%, 15 அமெரிக்க டாலருக்கு மேற்பட்டதற்கு 75% என்று தொடங்கி ஆண்டுதோறும் குறைகிறது. வர்த்தக ஒப்பந்தங்களால் விகிதம் மாறிக்கொண்டே வருவதால் வாங்கும் மாதத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க எளிய வழி, புதிய உலகப் பக்கத்துக்கு நாசிக்கின் சோவிஞோன், செனின், ஷிராஸ் வாங்கி, பழைய உலகப் பக்கத்துக்கு மட்டும் இறக்குமதிக்குச் செலவழிப்பது. நாசிக்கில் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, குளிர்காலம் முடியும்போது ஒரே ஒரு அறுவடை எடுக்கிறார்கள். அதனால் அங்கேயும் வயதுக் கணக்கு தென் கோளம் மாதிரிதான்.

4. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால்

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மி.லி. பாட்டில் இரண்டு, அதாவது ஒரு ஜோடி, 1.5 லிட்டர். மூன்றாவதை வைத்தால் 2.25 லிட்டராகி வரம்பைத் தாண்டிவிடும். பலர் சிக்குவது வேறோர் இடத்தில்: வந்து இறங்கிய பிறகு விமான நிலையத்து வரிவிலக்குக் கடையில் வாங்கும் விஸ்கியும் இதே 2 லிட்டரில்தான் அடங்கும். தாண்டினால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். பில்லைக் கையில் வைத்திருங்கள். விலைக்கு ஆதாரம் அதுதான். பீகார் போன்ற மதுவிலக்கு மாநிலங்களுக்குள் எடுத்துப் போகவே கூடாது. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்ட வயது 21.

பாட்டிலை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் (செக்-இன்) பெட்டியில் வையுங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, துணிக்கு நடுவே, பெட்டி ஓரத்தில் படாமல் வைக்க வேண்டும். ஊர் வந்ததும் காரின் பின்பெட்டியில் மறந்துவிடாதீர்கள். வெயிலில் ஒரு பிற்பகல் கிடந்தால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழச்சுவை வெந்த ஜாம் போல ஆகிவிடும்.

5. அன்றைய ஏற்பாடு: குளிர்ச்சிதான் முதல்

‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி’ என்ற பேச்சு குளிர்நாட்டு அறையை வைத்துச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் 14.5% பரோஸா ஷிராஸைத் திறந்தால் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் மட்டும்தான், உடனே ‘புதிய உலகம் காட்டம்’ என்று தீர்ப்பு வந்துவிடும். ஆகவே சிவப்பையும் ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சான்சேர், மார்ல்பரோ 8 முதல் 10 டிகிரி. சார்டொனே இரண்டும் 10 முதல் 12. இதைவிடக் குளிர்ந்தால் வாசனை மூடிக்கொள்ளும், புளிப்பு மட்டும் மிஞ்சும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஜோடியின் இரண்டு பாட்டிலும் ஒரே குளிர்ச்சியில் இருப்பது, சரியான டிகிரியைவிட முக்கியம். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் இருபது நிமிடம். வெறும் பனிக்கட்டியில் நேரம் பிடிக்கும்.

ஆளுக்கு இரண்டு கோப்பை, எல்லாம் ஒரே வடிவம். எட்டுப் பேருக்கு 16. வீட்டில் இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். ஒருவருக்கு அகலக் கோப்பை, ஒருவருக்கு எவர்சில்வர் டம்ளர் என்றால் வாசனை ஒப்பிட முடியாது. கழுவிய சோப்பு வாசம் போக வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப் பூ, செண்ட் வேண்டாம். மிக்சரும் காரமும் கடைசி ஜோடி முடிந்த பிறகு. காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு இரட்டிப்பாகும். நடுவில் கொறிக்க உப்பில்லாத ரொட்டி, தண்ணீர். எச்சில் துப்ப ஆளுக்கொரு காகிதக் குவளை வையுங்கள். ஆறு ஒயினிலும் 50 மி.லி. வீதம் விழுங்கினால் 300 மி.லி. ஆகும், மூன்றாவது ஜோடியில் நாக்கும் வேலை செய்யாது, பிறகு வண்டியும் ஓட்ட முடியாது.

6. மறைத்து ஊற்றுங்கள்

தாளைச் சுற்றி மறைத்தால் போதாது. திருகு மூடி தெரிந்தாலே மார்ல்பரோ என்று சொல்லிவிடலாம், பாட்டிலின் வடிவமும் ஊகத்துக்கு இடம் கொடுக்கும். ஒருவர் சமையலறையில் நின்று ஊற்றி, கோப்பையின் அடியில் 1, 2 என்று சிறு சீட்டு ஒட்டி எடுத்துவரட்டும். ஆளுக்கு 50 மி.லி.; எட்டுப் பேருக்கு 400 மி.லி. போனால் பாட்டிலில் 350 மிச்சம், அது கீழே சொல்லும் மூன்று கோப்பைச் சோதனைக்கு.

ஜோடி ஒன்றுக்கு 25 நிமிடம். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. சிவப்பைப் பரிமாறுவதற்கு முக்கால் மணி முன்பே திறந்து வாயகன்ற கூஜாவில் ஊற்றி வையுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில். முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. சத்தமாக முதலில் பேசுபவர் சொன்ன வாசனைதான் பிறகு எல்லோர் மூக்கிலும் வரும்.

எழுத ஐந்தே வரி: வாசனை, புளிப்பு, துவர்ப்பு, தொண்டைச் சூடு, விழுங்கிய பிறகு எத்தனை நொடி நிற்கிறது. ஆங்கில மதுக் குறிப்புகளில் வரும் நெல்லிவகைப் பழமும் காட்டுப் பெர்ரியும் நாம் சாப்பிட்டு வளர்ந்தவை இல்லை. நமக்கு நாவல்பழம், கொய்யா, கிராம்பு, மிளகு தெரியும். அவை இந்த வேலைக்குத் தாராளம்.

7. ஒவ்வொரு ஜோடியிலும் எதைத் தேடுவது

சோவிஞோன் ஜோடி. மார்ல்பரோ கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே வாசம் வந்துவிடும்: பழுத்த கொய்யா, பேஷன் பழம், வெட்டிய புல், பச்சைக் குடைமிளகாய். பகலில் நல்ல வெயில், இரவில் கடல்காற்றுக் குளிர். இரண்டும் சேர்ந்து பழ வாசத்தையும் பச்சை வாசத்தையும் ஒன்றாக நிறுத்துகின்றன. சான்சேர் மெதுவாகத் திறக்கும்: எலுமிச்சைத் தோல், இரண்டு கூழாங்கல்லை உரசினால் வரும் வாசம். வாயில் சான்சேர் அதிகம் புளிப்பதாகத் தோன்றினால், மார்ல்பரோவில் லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரை மிச்சம் வைப்பது சகஜம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமிலம் சமமாக இருந்தாலும் அந்தச் சர்க்கரை அதன் முனையை மழுக்கிவிடும்.

சார்டொனே ஜோடி. இந்த ரகத்துக்கென்று பெரிய வாசனை கிடையாது, செய்பவர் கையைத்தான் காட்டும். அதனால்தான் பாடத்துக்கு உகந்தது. அடிப்படை ஷாப்லி பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் செய்வது, 12.5% அளவில் நிற்பது; பச்சை ஆப்பிள், எலுமிச்சை, சற்றே உப்புக்கரிப்பு. சொனோமா பாட்டிலில் வெண்ணெய், வனிலா, வறுத்த முந்திரி. வெண்ணெய் வாசம் வருவது, ஆப்பிளில் உள்ள கூரிய அமிலத்தைப் பாக்டீரியா தயிரில் உள்ள மென் அமிலமாக மாற்றும்போது பிறக்கும் ஒரு பொருளால். ‘இந்த மாற்றம் நடந்தால் புதிய உலகம்’ என்று பாடம் எழுதிவிடாதீர்கள். ஷாப்லியிலும் அது வழக்கமாக நடப்பதுதான், வெண்ணெய் வாசத்தை அங்கே தங்க விடுவதில்லை, அவ்வளவே. வனிலா முழுக்க முழுக்க புது ஓக் பீப்பாயின் வேலை. ஓக் இல்லாத கலிபோர்னியா சார்டொனேயும் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் பாதிப் பாடம் காணாமல் போகும். பின் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

சிரா ஜோடிக்கு நம் மூக்கு மற்றவர்களைவிடத் தயாராக இருக்கிறது. மிளகுக்கு மிளகு வாசம் தரும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் சிராத் திராட்சைத் தோலிலும் உண்டு. குளிர்ச்சியான இடத்தில் அது மிகுதி. குரோஸ்-எர்மிதாஜ் கோப்பையைச் சுழற்றிவிட்டு முகர்ந்தால், அம்மியில் அப்போதுதான் நுணுக்கிய மிளகு. அதற்கடியில் நாவல்பழத் தோல், கொஞ்சம் புகை. வாயில் புளிப்பு முன்னே நிற்கும், உடம்பு ஒல்லி. பரோஸாவில் மிளகு பின்வாங்கி, அதே நாவல்பழம் பாகு காய்ச்சியது போல வரும், சாக்லேட்டும் சேரும். அமெரிக்க ஓக் பயன்படுத்தியிருந்தால் வறுத்த தேங்காய் வாசம் தெளிவாக இருக்கும். கிராம்பு வாசமும் ஓக்கிலிருந்து வருவதுதான். விழுங்கியதும் தொண்டையில் சூடு தங்கும். துவர்ப்பை அளக்க, நாக்கை மேல் ஈறில் வைத்துத் தேயுங்கள். வாழைப்பூவை மோரில் போடாமல் நறுக்கித் தின்றது போல இழுக்கிறதா, கொட்டைப்பாக்கு போல உலர்த்துகிறதா என்று எழுதுங்கள். பரோஸாவில் துவர்ப்புப் பொருள் குறைவாக இருக்கும் என்று நினைப்பது தவறு. பழச்சுவையும் ஆல்கஹாலும் மெத்தை போட்டு அதை மூடியிருக்கும்.

ரீஸ்லிங் ஜோடி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மண்ணெண்ணெய் வாசம் வந்தால் பயப்பட வேண்டாம். இந்த ரகத்துக்கே உரியது, வெயில் பட்ட திராட்சையிலும் வயதான பாட்டிலிலும் கூடும்.

8. மூன்று கோப்பைச் சோதனை

எல்லாம் எழுதி முடித்த பிறகும் ‘தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோமா, நிஜமாகவே தெரிகிறதா’ என்ற சந்தேகம் இருக்கும். மிச்சமுள்ள ஒயினில், கண்ணைக் கட்டி, ஆளுக்கு மூன்று கோப்பை கொடுங்கள்: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேர். ஆறு பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு தெரிகிறது என்று கொள்ளலாம். சிரா ஜோடியில் இது எளிதில் நடக்கும். பினோ நுவாரில் வீம்பு பேசியவர்கள் பலர் இங்கேதான் அமைதியாவார்கள்.

9. பாட்டிலில் குறை இருந்தால்

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்து பழ வாசமே இல்லையென்றால் கார்க் கெட்டிருக்கிறது. இதைப் பழைய உலகத்து ‘மண்வாசனை’ என்று பாராட்டிக் குடிப்பவர்களும் உண்டு. ஐரோப்பியப் பாட்டில்களில் கார்க் அதிகம், நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பாட்டில்களில் திருகு மூடி அதிகம். ஆகவே இந்தக் குறை ஒரு பக்கத்தையே அதிகம் தாக்கும், ஒப்பீடும் கோணிவிடும். வினிகர் நெடி, நகப்பூச்சு நெடி வந்தாலும் குறைதான். கீழே கொட்டிவிடாமல், கார்க்கைத் திரும்பச் செருகி, முக்கால் பாட்டிலாவது மிச்சத்தோடு பில்லையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாளுக்குள் கடைக்குப் போங்கள். நல்ல கடைகள் மாற்றித் தரும். பாதிக்கு மேல் காலியான பாட்டிலோடு போனால் பேச்சு எடுபடாது.

10. அடுத்த மாலை: ஒரே ஊருக்குள் இரண்டு கை

மூன்று ஜோடி முடித்தவர்களுக்கு அடுத்த கேள்வி வரும்: இது ஊரின் வேறுபாடா, செய்முறையின் வேறுபாடா? அதைப் பிரிக்க இரண்டு பாட்டிலையும் ஒரே ஊரிலிருந்து எடுங்கள். ரியோஹாவில் நெடுநாள் அமெரிக்க ஓக்கில் கிடந்த பழைய பாணி ரெசெர்வா ஒன்று. புது பிரெஞ்சு ஓக்கில் குறைவான காலம் வைத்த புது பாணி ஒன்று. பரோலோவில் பெரிய பழைய மரப் பீப்பாயில் முதிர்ந்தது ஒன்று, 225 லிட்டர் சிறு பீப்பாயில் முதிர்ந்தது ஒன்று. ஆனால் பரோலோ செலவு மும்மடங்கு ஆகும், ரியோஹாவே போதும். எதிர்த்திசையிலும் பாருங்கள்: டாஸ்மேனியா, சொனோமாவின் கடலோரம், சிலியின் காசாபிளாங்கா போன்ற குளிர்ந்த இடத்துப் பாட்டிலை மறைத்து ஊற்றினால் ‘பழைய உலகம்’ என்று எழுதுபவர்களே அதிகம். வெப்பமான ஆண்டின் போர்டோவில் 14% சாதாரணமாகிவிட்டதால், அங்கே எதிர்மாறான தவறு நடக்கும்.

மிச்சமான ஒயினை மூடி, சிவப்பையும் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மறுநாள் அதே நேரத்தில் அதே ஜோடியை மறுபடி ஒரு மிடறு பார்த்து, முதல் நாள் எழுதிய ஐந்து வரிக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து வரி எழுதுங்கள். முதல் நாள் வாய் திறக்காத குரோஸ்-எர்மிதாஜ் இரண்டாம் நாள் பேச ஆரம்பித்திருக்கும், முதல் நாள் அறை முழுக்க மணத்த மார்ல்பரோ கொஞ்சம் தளர்ந்திருக்கும்.